நீட்டு வரி, குட்டை வரி

மன்ஸில் தமீம்,
20 செப்டம்பர் 2006

மேலான சமூகம், பொறியாளர் மதாம் ரவ்தா அவர்களுக்கு,

இம்மடல் தங்களைப் பூரண சுகத்துடன் வந்து காண்பதாக. மிளகாய் விழுது டப்பாவில் அடைக்கும் ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக இரண்டாம் எண் ஆட்டோகிளேவை, அதாவது டப்பாக்களை நீராவி அழுத்தத்தில் வேகவைக்கும் கலத்தை, இயக்கிவரும் முன்ஜி ஸக்தூத் ஆகிய நான் பணிவுடன் தெரிவிப்பது யாதெனில்: சென்ற ஆகஸ்ட் 29ஆம் நாள் முற்பகலில் மேற்படி கலத்தின் வடிகுழாயை நான் திறந்தபோது, உள்ளே அழுத்தம் இறங்காதிருந்த காரணத்தால் கொதிநீர் பீறிட்டது. கீழே வடிகால் குழியைக் கழுவிக்கொண்டிருந்த என் சக தொழிலாளி திஜானியின் இடது கையும் தோளும் வெந்துபோயின.

மேற்படி கலத்தின் தொடுதிரை சென்ற ஜூலை மாதம் தங்கள் திருக்கரங்களால் பொருத்தப்பட்டது. விபத்து நேர்ந்த வேளையில் அத்திரை எச்சரிக்கை ஏதும் காட்டவில்லை என்பதைத் தங்கள் கைப்பட எழுதித்தர வேண்டுகிறேன். நவம்பர் 16 வியாழக்கிழமை ஒழுங்கு விசாரணைக் குழு கூடுகிறது. கடும் கவனக்குறைவு என்று முடிவானால் எனக்கு வேலை இல்லை.

(மனுதாரர் இவ்விடத்தில் தாம் சொல்வதை அப்படியே எழுதுமாறு பிடிவாதம் செய்கிறார்: "அந்தத் திரை ஒண்ணும் சொல்லலைம்மா. சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா? என்னை விடு. திஜானி கையைப் போய்ப் பாரு.")

இப்படிக்கு, தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
முன்ஜி ஸக்தூத்


ஸ்ஃபாக்ஸ்,
28 செப்டம்பர் 2006

ஸி முன்ஜி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரின் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் இருந்த நாலு வரிதான் எனக்குக் கடிதம். நோன்பு நாளில் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. தொலைபேசியில் பேசாதே, எதுவானாலும் எழுதிக்கொடு என்று எங்கள் நிறுவன இயக்குநர் சொல்லிவிட்டார்.

நீங்கள் கேட்டதை என்னால் எழுதித்தர முடியாது. அந்தத் திரைப் பெட்டி தான் காட்டிய ஒவ்வொரு வரியையும் நேரம் போட்டு நினைவில் வைத்திருக்கிறது. அதைப் பிரதி எடுத்து மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 10:42க்கு "அழுத்தம் இருக்கிறது, வடிகுழாயைத் தொடாதே" என்று வந்திருக்கிறது. 10:43க்கு நீங்கள் "பார்த்தேன்" என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். 10:44க்கு மின்சாரம் ஒரு கணம் தடுமாறியிருக்கிறது, அந்தச் செய்தி வந்து போயிருக்கிறது, மறுபடியும் அதே எச்சரிக்கை. அதையும் பார்த்தேன் என்று அழுத்தினீர்கள். 10:46க்கு அழுத்தம் திடீரென்று விழுகிறது. நீங்கள் வடிகுழாயைத் திறந்த நேரம் அது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய பெட்டியில் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. எங்கிருந்தோ வந்த இயந்திரம் எங்கோ இருப்பவர்கள் மொழியில் எங்கள் ஆட்களிடம் பேசுகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரும் கேட்காமலே, என் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, பதினான்கு செய்திகளையும் நான் அரபிக்கு மாற்றினேன். உங்களுக்காகத்தான் செய்தேன். திரை ஓடத் தொடங்கிய அன்று கலங்களை இயக்கும் உங்கள் ஐந்து பேரையும் நிற்கவைத்து "புரியுதா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். "நல்லா இருக்கு மதாம், நம்ம வீட்டுல பேசுற மாதிரி இருக்கு"ன்னு சொன்னது நீங்கள்தான்.

திஜானி எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.

ரவ்தா


மன்ஸில் தமீம்,
5 அக்டோபர்

மதாம் ரவ்தா,

இந்தக் கடிதத்தை என் மனைவி ஸக்கியா எழுதுகிறாள். எனக்கு விரலில் வலி. அந்த எழுத்தர் என் பேச்சையெல்லாம் மாலை போட்டு அலங்கரிக்கிறார், அது வேண்டாம்.

பார்த்தேன் என்று அழுத்தினேன். அழுத்தவில்லை என்று யார் சொன்னது? அதை அழுத்தாவிட்டால் உங்கள் பெட்டி கத்திக்கொண்டே இருக்கிறது, காது போகிறது. சத்தத்தை நிறுத்த அழுத்தினால் அது சாட்சியாகிவிடுமா? ஸ்ஃபாக்ஸ் ஆட்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று கேட்டிருக்கிறேன். 10:42, 10:43, 10:46. என் ஒன்பது வருஷத்துக்கும் இப்படி நிமிஷக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதையும் குழுவுக்குக் கொடுங்கள்.

பழைய பெட்டியில் நான் ஒரு நாள் தப்பு செய்ததில்லை. நீட்டு வரி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். குட்டை வரி வந்தால் திறப்பேன். இதில் என்ன கஷ்டம்? நீங்கள் வந்தீர்கள், எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

திஜானியைப் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். விரல்கள் அசைகின்றன. தோளில் தோல் இன்னும் சரியாகவில்லை. நான் இரண்டு தடவை போனேன். நோன்பு திறக்க ஸக்கியா செய்த சூப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள், "தூங்குறாரு"ன்னு சொன்னாள். உள்ளே அவன் இருமுவது கேட்டது. தெருவில் ஒருவரிடம் சொன்னானாம்: "முன்ஜி எல்லாத்தையும் படிக்கிறவன். தொடாதேன்னு எழுதியிருக்கறதைப் பாத்துக்கிட்டே திறந்திருக்கான். நான் கீழ இருக்கறது ஒரு பொருட்டாவே தோணலை அவனுக்கு." இதைக் கேட்ட பிறகு வேலை போனால் போகட்டும் என்றுகூட இருக்கிறது. ஆனால் அவன் அப்படி நினைத்துக்கொண்டே இருக்கக்கூடாது.

முன்ஜி


ஸ்ஃபாக்ஸ்,
14 அக்டோபர்

ஸி முன்ஜி,

போன கடிதத்தில் நான் நிமிஷங்களை அடுக்கியது தப்பு. மன்னியுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. நீட்டு வரி, குட்டை வரி.

பழைய பெட்டியின் நிரலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். பிரெஞ்சில் எச்சரிக்கை திரையின் ஓரத்திலிருந்து ஓரம் வரை நீண்டு கிடக்கிறது. திறக்கலாம் என்ற செய்தி இரண்டே சொல், திரையில் பாதிகூட இல்லை. என்னுடையதில் இரண்டும் ஒரே நீளம்.

ஏன் அப்படி என்றால், பெட்டியின் நினைவில் ஒவ்வொரு செய்திக்கும் நாற்பது எழுத்துக்கு இடம். ஒரு நீளமான செய்தி போய்ச் சின்னது வந்தால், மிச்சமிருக்கும் இடத்தில் பழையதன் வால் அப்படியே நிற்கும். அதனால் மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும், அதுதான் வழக்கம். எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. சொற்களைக் கூட்டிக் குறைத்து எல்லாச் செய்தியும் சரியாக ஒரு வரியை நிறைக்கும்படி எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். பதினான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சீராக நிற்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஸி முன்ஜி, நான் உங்களைவிட வயதில் சின்னவள், இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு வரியை வாசிக்கிறவர் அதன் நீளத்தைக் கவனிப்பதில்லை. ஆகஸ்ட் 29 அன்று திரையில் வந்ததை நீங்கள் வாசித்தீர்களா?

ரவ்தா


மன்ஸில் தமீம்,
19 அக்டோபர்

மதாம்,

இது என்ன கேள்வி? என் மகள் நாபல் நகரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். இந்த வீட்டில் தினமும் பத்திரிகை வாங்குகிறோம். வாசித்தாயா என்று ஒரு மனிதனிடம் கேட்பதற்கு முன்னால் அவன் தலையில் நரை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் பெட்டி சரியில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதனால் என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். இனிமேல் எழுத வேண்டாம். குழுவில் என்ன நடக்கிறதோ நடக்கட்டும்.

முன்ஜி

*

மதாம் ரவ்தா, இதற்குக் கீழே உள்ளது அவர் சொல்லி எழுதியதல்ல. அவர் கோபத்தில் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டார். நான் ஸக்கியா.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் கல்யாணமான வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது. பத்திரிகை வாங்குவது உண்மை. விரித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பார். மகளுக்குத் தெரியாது. "அப்பா, இதைப் படிங்களேன்"னு நீட்டினால் "உங்கம்மா குரல்ல கேக்கணும் எனக்கு"ன்னு என் பக்கம் தள்ளிவிடுவார். நான் இத்தனை வருஷம் அதைக் காதல் மாதிரி காட்டிக்கொண்டு வாசித்தேன்.

பழைய பெட்டி வந்த வருஷம், அதில் வருகிற ஒவ்வொரு வரியையும் ஒரு காகிதத்தில் அப்படியே வரைந்துகொண்டு வந்தார். ஆமாம், வரைந்துதான். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் வரும். இது இன்னது, அது இன்னது என்று நான் சொல்ல, மனதில் வாங்கிக்கொண்டார். பதினான்கையும் ஒரு வாரத்தில் முகம் அடையாளம் தெரிவதுபோல் தெரிந்துகொண்டார். புதுத் திரை வந்தபோது மறுபடியும் வரையச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கு ஸக்கியா, எதை வரையறது?" என்றார்.

இன்னொன்று. அவர் ஒருவர் மட்டுமில்லை. ஐந்து பேரில் இன்னும் இரண்டு பேர் அப்படித்தான், பெயர் சொல்லமாட்டேன். இந்த வருஷம் முதல் எழுத்தறிவுச் சான்றிதழ் இல்லாமல் ஆட்டோகிளேவில் ஆள் வைக்கக்கூடாது என்று ஆலையில் உத்தரவு. இவர் வாயைத் திறந்தால் அவர்களையும் தேடுவார்கள்.

திஜானிக்கும் வாசிக்க வராது. ஆனால் அவர் இவருக்கு வரும் என்று நினைக்கிறார். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமானாலும் இவரிடம்தான் கொடுப்பார். இவர் "கண்ணாடி வீட்ல இருக்கு, நாளைக்குச் சொல்றேன்"னு வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் வாசிக்கக் கேட்டு, மறுநாள் போய்ச் சொல்வார். பதினைந்து வருஷமாக இப்படி. அதனால்தான் திஜானிக்கு இவ்வளவு கோபம். வாசிக்கத் தெரிந்தவன் செய்துவிட்டானே என்று.

யாரிடமும் சொல்லாதீர்கள்.


ஸ்ஃபாக்ஸ்,
30 அக்டோபர்

ஸக்கியா அக்கா, இந்த முதல் பத்தியை அவருக்கு வாசிக்க வேண்டாம். நீங்கள் எழுதியதை யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மூன்று நாள் கடிதத்தை மேசை இழுப்பறையில் பூட்டிவைத்துவிட்டு எதுவும் செய்யமுடியாமல் இருந்தேன். என்மேல்தான் எனக்குக் கோபம். கீழே இருப்பதை மட்டும் அவருக்கு வாசியுங்கள்.

ஸி முன்ஜி அவர்களுக்கு, பெருநாள் வாழ்த்து, தாமதமாக.

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் வாசித்தீர்களா என்பது முக்கியமில்லை. நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

பழைய திரையின் வலது மூலையில் ஒரு எண் இருந்தது, கலத்துக்குள் இருக்கும் அழுத்தம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரபி எழுத்து சேர்ந்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால் பெரிதாகப் போட வேண்டியிருந்தது. இடம் போதவில்லை. அந்த எண்ணை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். பொத்தானைத் தொட்டால்தான் அது தெரியும். தள்ளலாமா என்று கேட்டது உங்கள் மேலாளரை. அவர் மேசையில் காபி குடித்துக்கொண்டே "நல்லா எழுத்து தெரியுதே, போதும்" என்றார். கலத்துக்கு முன்னால் நிற்கிற யாரையும் நான் கேட்கவில்லை. நின்று பார்க்கவும் இல்லை. "புரியுதா?" என்று மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்று சொல்வார்கள்?

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். செய்திகளை ஒரே நீளமாக்கியது நான், எண்ணை மறைத்தது நான். எங்கள் இயக்குநர் படித்துவிட்டு, "உனக்கு யாரும்மா எதிரி, நீயே போதுமே" என்றார். அனுப்பாதே என்று சொல்லவில்லை, ஆனால் நான் அங்கே நேரில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

திஜானிக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தவறு திரையில் இருக்கிறது, கீழே ஆள் இருப்பதை மறந்து யாரும் எதையும் திறக்கவில்லை என்று மட்டும் எழுதினேன்.

ரவ்தா


மன்ஸில் தமீம்,
9 நவம்பர்

மதாம் ரவ்தா,

ஸக்கியா எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள். வாசிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதிய பத்தியையும் சேர்த்து. வாசித்துவிட்டு, "நான்தான் சொன்னேன். அடிக்கணும்னா அடி" என்று நின்றாள். இருபத்துமூன்று வருஷத்தில் நான் அவளை அடித்ததில்லை, இப்போது என்ன புதிதாக. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். அதுவே அவளுக்குப் பெரிய தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். அவள் நிம்மதியாகப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் திஜானிக்கு எழுதினீர்கள் அல்லவா, அதனால் நடந்ததைக் கேளுங்கள்.

பெருநாள் அன்று ஊரில் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்ப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் நாள். அன்றைக்கு அவன் வருவான் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்தேன். பலகாரத் தட்டை மூடிவைத்து, திறந்து, மறுபடி மூடினேன். வரவில்லை. நேற்று முன்தினம் வந்தான். பிற்பகல், ஸக்கியா அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்திருக்கிறான், இன்னொரு கையில் உங்கள் கடிதம். பிரிக்கவே இல்லை. ஒரு வாரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான். கம்பெனிக் காகிதத்தைத் தெருவில் யாரிடம் காட்டுவான்?

ஸலாம்கூடச் சொல்லவில்லை. "உன்கூடப் பேச வரலை. இதைப் படிச்சுச் சொல்லு, போயிடறேன்" என்றான்.

நான் வாங்கிக்கொண்டேன். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. "கண்ணாடி..." என்று ஆரம்பித்தேன்.

"வீட்லதானே இருக்க. எங்க உன் கண்ணாடி? போய் எடுத்துட்டு வா, நிக்கறேன்" என்றான்.

மதாம், என்னிடம் கண்ணாடியே கிடையாது. என் கண் நன்றாகத் தெரியும். கடலில் போகிற படகைக் கரையிலிருந்து இன்னாருடையது என்று சொல்வேன். உறையைப் பிரித்தேன், காகிதத்தை விரித்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அதை உங்கள் பெட்டி எழுதி வைக்கவில்லை. பிறகு சொன்னேன். "திஜானி, எனக்குப் படிக்கத் தெரியாது."

"விளையாடாதே."

"தெரியாதுடா. எப்பவுமே தெரியாது. உன் காகிதமெல்லாம் ஸக்கியா படிச்சது."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "என் மருத்துவச் சீட்டு?" என்றான். "ஸக்கியா" என்றேன். "என் தம்பி பிரான்ஸ்லேருந்து எழுதினது? அவன் பொண்டாட்டி ஓடிப்போனது?" "அதுவும்தான். ஸக்கியாவுக்கு ஒரு மாசம் மனசே சரியில்லை" என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். தோல் இழுத்து வலித்திருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அழுதான். நானும்தான்.

அதற்குப் பிறகு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். புதுத் திரை வந்த பிறகு எனக்கு இருந்த ஒரே வழி இதுதான்: கடைசியில் ஒரு வரி வந்து நிற்கும், பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பேன், அது மாறி வேறு வரி வந்தால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று திறப்பேன். ஏழு வாரம் அது பொய் சொல்லவில்லை. அன்றைக்கு மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. வரி மாறியது, மறுபடியும் மாறியது. எனக்கு வரி மாறியது, அவ்வளவுதான். திறந்தேன். அவன் கத்தியது இன்னும் கேட்கிறது.

"தொடாதேன்னு எழுதியிருக்கறதைப் பாத்துக்கிட்டே திறக்கலையே நீ?" என்று கேட்டான். "இல்லடா" என்றேன். "அது போதும்" என்றான். பிறகு இரண்டு பேரும் உங்கள் கடிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஸக்கியா வரும்வரை உட்கார்ந்திருந்தோம். அவள் வந்து வாசித்தாள். உங்கள் எழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

முன்ஜி


ஸ்ஃபாக்ஸ்,
13 நவம்பர்

ஸி முன்ஜி,

இது வியாழக்கிழமைக்கு முன் வந்து சேர வேண்டுமே என்று சுருக்கமாக எழுதுகிறேன். குழுவில் அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நீங்கள் சொல்லாவிட்டால் நானும் சொல்லமாட்டேன். என் அறிக்கை மட்டுமே போதாமல் போகலாம், அதையும் மறைக்க விரும்பவில்லை. "எச்சரிக்கை திரையில் இருந்ததா?" என்று ஒரே கேள்வி கேட்டால் இருந்தது என்றுதான் என் காகிதம் சொல்லும்.

எது நடந்தாலும் 27ஆம் தேதி திரையை மாற்ற வருகிறேன். எங்கள் இயக்குநரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். அன்றைக்குக் கலத்தின் முன்னால் உங்களோடு நிற்பேன்.

ரவ்தா


மன்ஸில் தமீம்,
11 டிசம்பர்

மதாம் ரவ்தா,

நீங்கள் வந்திருந்த இரண்டு நாளும் மேலாளர் பக்கத்திலேயே நின்றதால் குழுவில் நடந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஸக்கியா எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரையைப் படம் பிடித்துப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தார்கள். உங்கள் அறிக்கையைப் படித்தார்கள். மேலாளர் அந்தப் படத்தை என் முன்னால் தள்ளி, "நீளம் குட்டையெல்லாம் இருக்கட்டும். தாய்மொழியில எழுதியிருக்கு. படிங்க பாப்போம்" என்றார். திஜானி சுவரோரம் சாட்சியாக உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். சொன்ன பிறகு ஒன்றுமில்லை. இதற்காகவா இத்தனை வருஷம் பத்திரிகை வாங்கினேன் என்று இருந்தது.

"பயிற்சித் தாள்ல கையெழுத்து இருக்கே?"

"கையெழுத்துப் போடத் தெரியும். போடச் சொன்னீங்க, போட்டேன்."

குழுத் தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேலாளர், "இன்னும் யார் யாருக்குத் தெரியாது?" என்று கேட்டார். "விசாரணை என் பேர்லதானே?" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. திஜானியைக் கேட்டபோது, "மேல நிக்கிறவனுக்கு அழுத்தம் எவ்வளவுன்னு தெரியாம வெச்சது யாரு? அந்த ஆளைக் கொண்டாங்க, நான் பேசிக்கிறேன்" என்றான். அது உங்களைத்தான் சொன்னான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்தபோது உங்களுக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தானே, அதோடு சரி.

எட்டு நாள் தற்காலிக இடைநீக்கம், பிறகு அதே இடம். சனிக்கிழமைகளில் நகராட்சிக் கூடத்தில் எழுத்து வகுப்புக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை. போகிறேன். பிடிக்கவில்லை. நான் சொல்லாத அந்த இரண்டு பேரும் தாங்களாகவே வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாங்கள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மகளிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "அப்ப நான் எழுதின லெட்டரெல்லாம்?" என்றாள். "உங்கம்மா குரல்லதான் கேட்டேன்" என்றேன்.

நீங்கள் மாற்றிய திரை நன்றாக ஓடுகிறது. நீட்டு வரி நீட்டாக இருக்கிறது, குட்டை வரி குட்டையாக இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த இளம் ஆட்களுக்கும் குறையில்லை. எண்ணை உள்ளங்கை அளவுக்குப் போட்டுவிட்டீர்கள், வாசலிலிருந்தே தெரிகிறது. அன்றைக்கு நீங்கள் "புரியுதா?" என்று கேட்காமல், ஒவ்வொருவராக நிறுத்தி "இது வந்தா என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க" என்றீர்களே, அது எனக்குப் பிடித்தது. எனக்குமுன் நின்றவன் தப்பாகச் செய்தான். யாரும் சிரிக்கவில்லை.

திஜானி நேற்று வேலைக்குத் திரும்பினான். குழியைக் கழுவ வேறு ஆளைப் போடுகிறேன் என்று மேற்பார்வையாளர் சொன்னார். "அது என் குழி" என்று சொல்லிவிட்டான். சட்டையைக் கழற்றும்போது தோளைப் பார்த்தேன், பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டேன். கலத்தில் உலர்ந்த மிளகாயை அரைத்த விழுது ஓடிக்கொண்டிருந்தது. நேரம் வந்தது, நீராவி வெளியேறியது. அவன் குழியின் விளிம்பில் நின்றான், இறங்கவில்லை.

"எவ்வளவு?" என்று கீழிருந்து கத்தினான்.

திரையைப் பார்த்தேன். "ஒண்ணு புள்ளி ரெண்டு" என்று கத்தினேன். நின்றான்.

"இப்ப?"

"அரை."

"இப்ப?"

எண் இறங்கி இறங்கி நின்றது. இன்னொரு தடவை பார்த்தேன், கையால் திரையைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். "பூஜ்யம்" என்றேன். பிறகு அவனுக்குக் கேட்கும்படி கத்தினேன், "பூஜ்யம்டா!"

நான் வடிகுழாயைத் திறந்தேன், தண்ணீர் சாதுவாக வடிந்து முடிந்தது. அவன் மேலே என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குழிக்குள் இறங்கினான்.

முன்ஜி